அயல்மொழி ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி: பட்டறை முடிகிறது, வகுப்பு மாறுவதில்லை

பாடத்திட்டக்காரி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் மொழித்துறையில் அடுத்த பருவத்துக்கான ஆசிரியர் பயிற்சியைத் திட்டமிடும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், கொஞ்சம் ஸ்பானிஷ். ஓய்வை நெருங்கியவர்களும் இருக்கிறார்கள், இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

இதுவரை நடந்த பயிற்சிகளின் கதை உங்களுக்கும் தெரிந்ததுதான். வெளியிலிருந்து ஒருவர் வருவார். காலையிலிருந்து மாலைக்குள் கஹூட், குவிஸ்லெட், பேட்லெட் என்று ஏகப்பட்ட செயலிகளைக் காட்டுவார். நன்றாகத்தான் இருக்கும், எல்லோரும் சிரித்துக்கொண்டே வினாடி வினா விளையாடுவார்கள். பொருட்காட்சி பார்த்துவிட்டு வந்தது போல வீட்டுக்குப் போவார்கள். மறுவாரம் வகுப்பை எட்டிப் பார்த்தால் அதே பாடப்புத்தகம், அதே இட்டு நிரப்புக. ப்ரொஜெக்டர் மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

இரண்டு கேள்விகள். பயிற்சியைக் கருவியிலிருந்து தொடங்குவதா, பாடத்திலிருந்து தொடங்குவதா? பயிற்சி தருபவர் கணினி தெரிந்தவராக இருக்க வேண்டுமா, மொழி கற்பிப்பவராக இருக்க வேண்டுமா? "ஆசிரியர்கள் மாறவே மாட்டார்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

கடைசி பெஞ்ச்

மாறவே மாட்டார்கள் :)

ஜெர்மன் வாத்தியார்

கடைசி பெஞ்சை விட்டுவிடுவோம்.

முதல் கேள்விக்கு என் பதில்: இரண்டிலிருந்தும் வேண்டாம். ஆசிரியருக்கு வகுப்பில் எங்கே இடிக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். மொழி வகுப்பில் ஆசிரியர் தினமும் படுகிற அவஸ்தைகள் சில உண்டு. பேச நேரம் போதாது. கேட்டல் பயிற்சியில் பாதிப் பேருக்கு ஒலிப்பதிவு வேகமாகப் போகிறது, பாதிப் பேருக்குச் சலிப்பு. சொற்கள் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றன. இவற்றில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அதற்கு எந்தக் கருவி உதவும், உதவுமா என்று கேளுங்கள்.

பேச்சு நேரத்தையே எடுத்துக்கொள்வோம். 45 நிமிட வகுப்பு, 30 மாணவர்கள். பாதி நேரம் விளக்கத்திலும் வாசிப்பிலும் போய்விட்டால் மிச்சத்தை 30-ஆல் வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 45 வினாடிதான் வரும். ஜோடி ஜோடியாகப் பேசவிடலாமே என்பீர்கள். பேசுவார்கள், ஆனால் 15 ஜோடிகள் ஒரே நேரத்தில் பேசும்போது ஆசிரியர் காதில் விழுவது இரைச்சல்தான். இங்கேதான் சாதாரணக் கைப்பேசியின் ஒலிப்பதிவு பயன்படும். ஜோடிக்கு நடுவில் ஒரு போன், இரண்டு நிமிட உரையாடல், அனுப்பிவிட வேண்டும்.

இது வரைக்கும் எந்தப் பட்டறையிலும் சொல்லித் தந்துவிடுவார்கள். சொல்லித் தராதது அடுத்த கட்டம். 15 பதிவுகள், தலா இரண்டு நிமிடம் என்றால் ஒரு வகுப்புக்கு அரை மணி நேரக் கேட்பு. நான்கு வகுப்பு எடுப்பவருக்கு அது இரண்டு மணி நேரம், திருத்தும் நேரம் தனி. அதனால்தான் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். எல்லாவற்றையும் கேட்காமல் ஐந்தை மட்டும் கேட்பது, அவற்றில் பொதுவாக வரும் ஒரு பிழையைப் பிடித்து மறுநாள் முதல் பத்து நிமிடம் அதற்கு ஒதுக்குவது, மற்றப் பதிவுகளை மாணவர்களே கேட்டுத் தங்கள் பிழை ஒன்றைக் குறித்துக்கொண்டு வரச் சொல்வது. பயிற்சி இதில்தான் நடக்க வேண்டும். பதிவுப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது இரண்டு நிமிட விஷயம்.

கல்வி ஆய்வாளர்கள் மிஷ்ராவும் கோலரும் 2006-இல் எழுதிய கட்டுரையின் சாரமும் ஏறத்தாழ இதுதான். பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, கருவி அறிவு மூன்றையும் தனித்தனியாகப் புகட்டிவிட்டு ஆசிரியரின் தலைக்குள் அவை தானாக ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. மூன்றும் சந்திக்கிற இடத்தில் இருப்பது தனி அறிவு என்றார்கள். டீபேக் என்ற பெயரில் அது இப்போது எல்லாப் பயிற்சிக் கையேட்டிலும் மூன்று வட்டங்களாக வரையப்பட்டிருக்கிறது. வட்டத்தை வரைந்து காட்டுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள், அது வேறு கதை.

கணினிப் பிரிவு

நான் மொழி ஆசிரியர் இல்லை. இதே மாதிரி ஒரு நிறுவனத்தில் தொழில்நுட்ப உதவிப் பிரிவில் இருக்கிறேன். வாத்தியார் சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு வரும் அழைப்புகள் வேறு மாதிரி. "சத்தம் வரவில்லை." போய்ப் பார்த்தால் ஒலி ப்ரொஜெக்டருக்குப் போய்க்கொண்டிருக்கும், ஸ்பீக்கர் சும்மா இருக்கும். "வீடியோ திறக்கவில்லை." கோப்பின் வடிவம் வேறாக இருக்கும். இணைப்பு அனுப்பியிருப்பார், மாணவர்களுக்குப் பார்க்கும் அனுமதி தந்திருக்க மாட்டார். அடிப்படை இல்லாமல் கற்பித்தல் தத்துவம் பேசி என்ன பயன்?

ஜெர்மன் வாத்தியார்

மறுக்கவில்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹம்பெலும் ஸ்டிக்லரும் 2005-இல் இணையவழி மொழி ஆசிரியருக்கான திறன்களை ஒரு கோபுரமாக அடுக்கினார்கள். அடியில் நீங்கள் சொல்லும் கணினி அடிப்படை. அதற்கு மேல் குறிப்பிட்ட மென்பொருள், அந்த ஊடகத்தால் எது முடியும் எது முடியாது என்ற தெளிவு, அப்புறம் திரைக்கு அப்பால் இருப்பவர்களை ஒரு குழுவாகச் சேர்ப்பது, பேச வைப்பது, உச்சியில் ஆசிரியருக்கென்று ஒரு பாணி. ஆனால் கீழ்ப்படியை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்கு ஏற வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. ஸ்பீக்கர் விஷயத்தை ஒரு கேட்டல் பாடம் தயாரிக்கும்போதே சொல்லித் தந்தால் மனதில் நிற்கும். தனியாக "கணினி அடிப்படைகள்" என்று ஒரு நாள் வைத்தால், தெரிந்தவர்கள் தூங்குவார்கள், தெரியாதவர்கள் கூச்சப்பட்டுக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பிரெஞ்சு டீச்சர்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பயிற்சி தருபவர் மொழி கற்பிப்பவராகத்தான் இருக்க வேண்டும். எல்லாப் பாடத்துக்கும் பொதுவான ஒரு பயிற்சியில் எங்களை உட்கார வைத்துவிடுகிறார்கள். அறிவியல் ஆசிரியருக்கும் எங்களுக்கும் ஒரே பட்டறை. எங்கள் தலைவலிகள் அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

உதாரணம் சொல்கிறேன். தானாகத் திருத்தும் இணைய வினாத்தாள் ஒன்றைத் தயாரிக்கிறோம். பிரெஞ்சில் இரண்டு சொற்கள் இணையும் இடங்களில் மேற்கோள் குறி போல ஒரு சுருக்கக் குறி வரும். கணினியில் தட்டச்சு செய்தால் அது நேர்கோடாக வரும், சில போன்களில் தட்டினால் வளைந்து வரும். கணினிக்கு இவை இரண்டு வெவ்வேறு எழுத்துகள். விடைக்குறிப்பில் நேர்கோடு இருந்தால், சரியாக எழுதிய மாணவனுக்குப் பூஜ்யம் விழும். அவன் தன் இலக்கணத்தில் தப்பு என்று நினைத்துக்கொண்டு சரியாக இருந்ததை மாற்றுவான். எழுத்தின் மேல் வரும் சாய்கோட்டுக் குறியும் அப்படியே. குறியோடு சேர்ந்த ஒரே எழுத்தாகவும் சேமிக்கலாம், எழுத்தும் குறியும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சில மென்பொருள்கள் இதைச் சமாளித்துவிடும், சில சமாளிக்காது. வினாத்தாளை மாணவர்களுக்கு அனுப்பும் முன் போனிலிருந்தும் கணினியிலிருந்தும் ஒருமுறை தானே எழுதிப் பார்க்க வேண்டும் என்பதை எந்தப் பொதுப் பட்டறையும் சொல்லாது.

ஜப்பானியத்தில் இன்னும் சிக்கல் என்று என் தோழி சொல்வாள். ஒரே வினைச்சொல்லை ஹிராகனா என்ற ஒலியெழுத்தில் மட்டும் எழுதலாம், காஞ்சி என்ற சீன வழி வந்த எழுத்துகள் கலந்தும் எழுதலாம், இரண்டும் சரி. விடைக்குறிப்பில் ஒன்றுதான் இருக்கும். தட்டச்சுப் பலகையில் உச்சரிப்பைத் தட்டினால் காஞ்சி பட்டியலாக வந்து நிற்கும், மாணவன் தேர்ந்தெடுத்தால் போதும். அடையாளம் காணத் தெரிகிறது, கையால் எழுதச் சொன்னால் வராது. அப்படியானால் எழுத்துத் தேர்வைத் திரையில் வைப்பதா, தாளில் வைப்பதா? தேர்வின் நோக்கம் என்ன என்று முடிவு செய்யாமல் இதற்குப் பதில் கிடையாது. கணினிப் பிரிவு நண்பர் இதில் உதவ முடியாது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஜெர்மன் வாத்தியார்

ஜெர்மனிலும் உண்டு. பெயர்ச்சொல் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது மாணவன் கற்க வேண்டிய விதி. போனை ஜெர்மன் விசைப்பலகைக்கு மாற்றிவிட்டால் பெரும்பாலான சமயம் அதுவே திருத்திவிடும். சொல்வதெழுதுதலைப் போனில் வைத்தால் மதிப்பெண் போனுக்குத்தான்.

கணினிப் பிரிவு

கோபமில்லை மேடம். அந்தச் சுருக்கக் குறி விவகாரம் எனக்கே புதிது. சரியான விடைகளாக ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சேர்க்கும் வசதி பெரும்பாலான வினாத்தாள் மென்பொருளில் இருக்கிறது. அதை நாங்கள் சொல்லித் தரலாம், என்னென்ன சேர்க்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒலிநாடா காலத்து ஆள்

இந்த விவாதத்தைப் பார்த்தால் பழைய கதை ஞாபகம் வருகிறது. 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. பதறிப்போன அமெரிக்கா மறு வருடமே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. கணிதம், அறிவியலோடு அயல்மொழிகளுக்கும் பணம் கொட்டியது. பள்ளிகளில் மொழி ஆய்வகங்கள் முளைத்தன: தடுப்புகள், காதில் மாட்டும் ஹெட்போன்கள், ஒலிநாடாக்கள். மாணவன் வாக்கியத்தைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அறுபதுகளின் பிற்பகுதியில் பென்சில்வேனியாவில் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆய்வகத்தால் சொல்லிக்கொள்ளும்படி லாபம் எதுவும் தெரியவில்லை. அப்புறம் பல இடங்களில் அந்த அறைகள் பூட்டிக் கிடந்தன.

பழியை இயந்திரத்தின் மேல் போட்டார்கள். அதன் பின்னால் இருந்த கற்பித்தல் முறையே ஒப்புவித்தல்தான். அந்த முறையை எந்தப் பெட்டியில் போட்டாலும் அதுதான் வரும். இன்று செயலியில் "கேட்டுத் திருப்பிச் சொல்லுங்கள்" என்று வருவதைப் பார்க்கும்போது பெட்டி மட்டும் சிறிதாகியிருக்கிறது என்று தோன்றுகிறது.

மொழிக் கல்வி ஆய்வாளர் ஸ்டீபன் பாக்ஸ் 2003-இல் ஒரு அளவுகோல் சொன்னார்: கருவி இருப்பதே தெரியாத அளவுக்கு அது இயல்பாகிவிட வேண்டும். பேனாவை உபயோகிக்க யாரும் பட்டறை வைப்பதில்லை. அந்த நிலை வரும் வரை ஆசிரியர் முதலில் சந்தேகப்படுவார், அப்புறம் பயப்படுவார், அப்புறம் அளவுக்கு மீறி நம்புவார். இதெல்லாம் நடந்துதான் தீரும். நிர்வாகம்தான் அவசரப்படுகிறது.

புது டீச்சர்

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்களைப் போல இப்போது சேர்ந்தவர்களுக்குப் பயிற்சியே தேவையில்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். "நீங்கள் போனோடு பிறந்தவர்கள்" என்று சொல்லி, மூத்தவர்களுக்கு உதவ எங்களையே நிறுத்துகிறார்கள். போனில் வீடியோ எடுத்துப் போட எனக்குத் தெரியும். ஒரு ஸ்பானிஷ் வீடியோவை ஏ2 நிலை (தொடக்க நிலையின் இரண்டாம் படி) வகுப்பில் எந்த இடத்தில் நிறுத்துவது, வசன வரியை எந்த மொழியில் போடுவது, எப்போது மறைப்பது, இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கல்வியியல் படிப்பில் தொழில்நுட்பம் ஒரு தனித்தாள், மொழி கற்பித்தல் இன்னொரு தாள். இரண்டு பேராசிரியர்களும் ஒருவரோடு ஒருவர் பேசியதாகத் தெரியவில்லை.

பிரெஞ்சு டீச்சர்

புது டீச்சர், வசன வரிக்கு என் பழக்கம் இது. முதல் முறை வரி இல்லாமல், என்ன நடக்கிறது என்று மட்டும். இரண்டாம் முறை ஸ்பானிஷ் வரியோடு. தாய்மொழி வரியைப் போட்டால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், காது வேலை செய்யாது. கற்கும் மொழியிலேயே வரி இருந்தால் ஒலியும் எழுத்தும் சேரும். மூன்றாம் முறை மறுபடி வரி இல்லாமல். வீடியோ ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தானாக உருவாகும் வசன வரியை நம்ப வேண்டாம், பெயர்கள் வரும் இடத்தில் சொதப்பிவிடும்.

மாலை வகுப்பு மாணவன்

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் மாணவன் நுழையலாமா தெரியவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே மொழி படிக்கிறேன். ஒவ்வொரு ஆசிரியரும் ஒவ்வொரு செயலி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல். வீட்டுப்பாடம் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே நேரம் போகிறது. தயவுசெய்து உங்கள் பயிற்சியில் "எல்லோரும் ஒன்றையே உபயோகியுங்கள்" என்று ஒரு வரி சேருங்கள்.

கடைசி பெஞ்ச்

இப்போது நிஜமாகவே கேட்கிறேன். மாணவர்கள் எல்லாவற்றையும் சாட்ஜிபிடியில் எழுதிக் கொண்டுவருகிறார்கள். "என் விடுமுறை" கட்டுரையில் நான் கற்பிக்கவே கற்பிக்காத வினை வடிவங்கள். இதற்கு என்ன பயிற்சி தருவீர்கள்? பிடித்துக் கொடுக்கும் மென்பொருள் வாங்கினால் போதாதா?

ஜெர்மன் வாத்தியார்

வாங்காதீர்கள். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதிய டோஃபல் தேர்வுக் கட்டுரைகளை இப்படிப்பட்ட ஏழு மென்பொருள்களில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதியவற்றில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லிவிட்டன. எளிய சொற்கள், ஊகிக்கக்கூடிய வாக்கியங்கள் என்றால் இயந்திரம் என்று நினைக்கிறது. அயல்மொழியைத் தொடக்க நிலையில் கற்பவர் வேறு எப்படி எழுதுவார்? நம் வகுப்பில் அதை நம்புவது அநியாயம்.

பயிற்சியில் நான் செய்வது இது. ஆசிரியர் தன் வீட்டுப்பாடக் கேள்வியைத் தானே அந்த அரட்டை இயந்திரத்திடம் கொடுக்க வேண்டும். நொடியில் முழு மதிப்பெண் விடை வந்தால், மாற்ற வேண்டியது கேள்வியை. "என் விடுமுறை" கட்டுரைக்குப் பதில், வகுப்பில் பக்கத்து மாணவனைப் பேட்டி எடுத்து, அவன் சொன்னதைக் குறிப்பாக எழுதி, அதை வைத்து அங்கேயே ஒரு பத்தி. மறுநாள் அந்தப் பத்தியைப் பற்றி வாய்மொழியாக இரண்டு கேள்விகள்.

அடுத்து, பிழை திருத்தம். ஆய்வாளர்கள் லைஸ்டரும் ராண்டாவும் 1997-இல் கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளைக் கவனித்துச் சொன்னது: மாணவன் தப்பாகச் சொன்னதை ஆசிரியர் சரியான வடிவில் தாமே திருப்பிச் சொல்லிவிட்டுப் போவதுதான் மிக அதிகமாக நடக்கிறது, மாணவன் மிகக் குறைவாகக் கவனிப்பதும் அதைத்தான். "என்ன சொன்னாய்?" என்று கேட்டோ, பிழை இருக்கும் இடத்தைச் சுட்டியோ அவனையே திருத்தவிட்டால் பலன் கூடுகிறது. அரட்டை இயந்திரத்தைச் சும்மா விட்டால் முழு வாக்கியத்தையும் மெருகேற்றித் தந்துவிடும், அதாவது பலன் குறைந்த வழியில். அதனிடம் "விடையைச் சொல்லாதே, பிழையுள்ள வரியை மட்டும் காட்டு, ஒரு குறிப்பு கொடு, ஏ2 நிலைச் சொற்களைத் தாண்டாதே" என்று கட்டளையிட வேண்டும். அப்படியும் நாலைந்து பரிமாற்றத்துக்கு அப்புறம் மேல்நிலைச் சொற்களுக்கு நழுவிவிடும். ஆசிரியர்கள் இதைத் தாங்களே அனுபவித்துப் பார்க்க ஒரு மணி நேரம் கொடுங்கள்.

பிரெஞ்சு டீச்சர்

உச்சரிப்புச் செயலிகளையும் இதே மாதிரி சோதிக்கச் சொல்லுங்கள். பிரெஞ்சில் மேலே, கீழே என்ற பொருள் தரும் இரண்டு சொற்கள் ஒரே ஒரு உயிரொலியில்தான் வேறுபடும். வாக்கியத்துக்குள் வைத்து வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பாருங்கள். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் சில சமயம் சூழலை வைத்து ஊகித்துச் சரியாகவே எழுதிவிடும். மாணவன் தன் உச்சரிப்பு பிரமாதம் என்று நினைத்துக்கொள்வான்.

பாடத்திட்டக்காரி

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டுத் திட்டத்தை இப்படி மாற்றியிருக்கிறேன், குறை சொல்லுங்கள்.

செயலிப் பட்டறை ரத்து. பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்பின் ஒரே ஒரு சிக்கலை எழுதித் தர வேண்டும். ஒரே மாதிரிச் சிக்கல் உள்ளவர்கள் மூன்று நான்கு பேர் ஒரு குழு. குழுவுக்கு ஒரு கருவி, பருவம் முழுக்க அதுதான். பாடத்தைச் சேர்ந்து தயாரிப்பார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள், மறுபடி கூடிப் பேசுவார்கள். கணினிப் பிரிவிலிருந்து ஒருவர் முதல் சில வகுப்புகளில் கூடவே இருப்பார். வீட்டுப்பாடத்துக்கு எல்லா மொழிக்கும் ஒரே தளம். மாலை வகுப்பு நண்பருக்காக இது. சான்றிதழ், பருவ முடிவில் தாங்கள் உபயோகித்த பாடத்தைக் கொடுத்தால்தான்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். வாரத்துக்கு ஒரு பாடவேளையைக் குறைத்துத் தரும்படி நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

ஒலிநாடா காலத்து ஆள்

பாடவேளை கிடைக்காவிட்டால் தொடங்கவே தொடங்காதீர்கள் அம்மா. அது இல்லாமல் இந்தத் திட்டம் இன்னொரு சுமை. ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த ஜாய்ஸ், ஷவர்ஸ் இருவரும் எண்பதுகளிலேயே சொல்லிவிட்டார்கள், விளக்கமும் செய்முறைக் காட்சியும் மட்டும் வகுப்புக்குள் போய்ச் சேராது, சக ஆசிரியர் கூட இருந்து தொடர்ந்து துணை செய்தால்தான் சேரும் என்று. துணை செய்ய ஆளுக்கு நேரம் வேண்டாமா?

புது டீச்சர்

பார்க்க வருபவர்கள் மதிப்பீட்டுப் படிவத்தோடு வருவார்களா? அப்படியென்றால் எல்லோரும் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பாடத்தைத்தான் நடத்திக் காட்டுவார்கள்.

பாடத்திட்டக்காரி

படிவம் கிடையாது. துறைத்தலைவரும் வர மாட்டார், அதை எழுத்திலேயே வாங்கிவிட்டேன். பார்ப்பவர் மூன்று மாணவர்களை மட்டும் கவனித்து, அவர்கள் எவ்வளவு பேசினார்கள், எங்கே திணறினார்கள் என்று எழுதுவார். ஆசிரியரைப் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது.

கணினிப் பிரிவு

நல்லது. ஒலிப்பதிவு விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. மாணவர்களின் குரல் எங்கே சேமிக்கப்படும்? ஆசிரியரின் சொந்தப் போனிலும் அரட்டைக் குழுவிலும் வேண்டாம். சிறுவர்கள் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பருவம் முடிந்ததும் அழிப்பது யார் பொறுப்பு என்று இப்போதே எழுதிவையுங்கள். நிறுவனத்தின் சேமிப்பகத்தில் குழுவுக்கு ஒரு கோப்புறை நான் திறந்து தருகிறேன், பெயர்ப் பட்டியல் மட்டும் அனுப்புங்கள்.

பாடத்திட்டக்காரி

பட்டியலைத் தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன். ஜப்பானியக் குழுவுக்கு மட்டும் ஒலிப்பதிவு இல்லை. அவர்கள் காஞ்சித் தேர்வைத் தாளிலேயே வைப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.